பார்லர்க்காரியின் பதினோரு ஆடுகள்

கடையை மூடி இரண்டு வருடம் ஆகிவிட்டது. கத்தரிக்கோலைப் பெட்டியில் போட்டுவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆட்டுக்குப் பின்னால் நடக்கிறாள். இருந்தாலும் ஊருக்கு அவள் இன்னமும் பார்லர்க்காரிதான். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆடுகளுக்குக் குளம்பு வெட்டிவிடும்போது அவள் கை போகிற போக்கைப் பார்த்தால், பட்டம் பொருத்தமானது என்றுதான் தோன்றும். வெட்டி, ஓரத்தை ராவி, ஊதித் தட்டிவிடுவாள். நகப்பூச்சு ஒன்றுதான் பாக்கி.

ஆட்டு வாழ்க்கை அவளைத் தேடி வந்தது, அவள் தேடிப் போகவில்லை. ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்ததற்குக் காசு கொடுக்க முடியாத தாய், மறுவாரம் ஒரு பெட்டைக் குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் குட்டி உள்ளே புகுந்து, ஆணியில் தொங்கிய சவுரியைப் பாதி தின்றுவிட்டது. நஷ்டத்துக்கு நஷ்டம், ஆட்டுக்கு ஆடு என்று கடைக்குப் பின்னால் கட்டிப்போட்டாள். அது வளர்ந்து இரட்டைக் குட்டி போட்டது. குட்டிகளும் தாயைப் போலவே சளைக்காமல் பெருகின.

அந்தச் சமயத்தில்தான் கட்டிடச் சொந்தக்காரர் கடையைக் காலி செய்யச் சொல்லி, செல்போன் விற்பவருக்குக் கொடுத்தார். அவளிடம் வேலை கற்றுக்கொண்ட பெண் எதிர்த் தெருவில் ஏசி போட்ட பார்லர் திறந்திருந்தாள். "அக்கா, நீங்க எங்கயும் போக வேணாம். முடி வெட்டற சேர் ஒண்ணு உங்களுக்குன்னே போட்டுடறேன்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் நல்ல மனதோடு சொல்லப்பட்ட வார்த்தைதான் சில சமயம் தொண்டையில் முள்ளாக நிற்கும். பார்லர்க்காரி சிரித்துக்கொண்டே "பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பார்க்கவில்லை. ஊர் எல்லையில், நின்றுபோன செங்கல் சூளைக்குப் பின்னால், ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தாள். கணவர் நீண்ட தூர லாரி ஓட்டுநர். வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போகிறவர். "உனக்குப் பிடிச்சா செய்" என்று எந்த நெடுஞ்சாலையிலிருந்தோ போனில் சொன்னார். அவளுக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருடம் அடுத்தவர் முகத்தைப் பார்த்தே பிழைத்தவளுக்கு, கண்ணாடி கேட்காத, கண்ணாடியைப் பார்த்துக் குறை சொல்லாத வாடிக்கையாளர்கள் கிடைத்துவிட்டார்கள். காலையில் ஆடுகளை அவிழ்த்துவிட்டு அந்தப் பொட்டலில் நிற்கும்போது, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் இடத்தில் தான் நிற்பதாக அவளுக்குத் தோன்றும்.

ஒரே குறை வேலி. நிலத்துக்கு வேலியே கிடையாது. ஆட்டுக்கோ அடுத்தவன் தோட்டத்து அவரைதான் ருசி. தினம் ஒரு பஞ்சாயத்து. கடைசியில் நிலத்துக்காரர் வந்து, முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்:

"லாரி நிறுத்த இடம் வேணும்னு ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காரும்மா. இந்த மாசக் கடைசிக்குள்ள வேலி போட்டுட்டீங்கன்னா மூணு வருஷத்துக்கு உங்களுக்கே எழுதிக் கொடுத்துடறேன். இல்லன்னா என்னைத் தப்பா நெனக்காதீங்க."

வேலி போடப் பணம் இல்லை. போடாவிட்டால் ஆடுகளை விற்றுவிட்டு எதிர்த் தெருவுக்குப் போய், அவளே கத்தரி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த பெண்ணின் கடையில், அவளுக்கென்று போட்டிருக்கும் சேருக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

வயிறு உப்பிய ஆடு ஒன்றைக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்றுதான் அந்தச் சுவரொட்டியைப் பார்த்தாள். விவசாயத்திலும் ஆடு மாடு வளர்ப்பிலும் புதிதாக இறங்குகிறவர்களுக்கு உதவித் திட்டம். வேலி, கொட்டகை, தண்ணீர்த் தொட்டி எதுவானாலும் பாதி மானியம், பாதி குறைந்த வட்டிக் கடன். ஒரு வாரப் பயிற்சி உண்டு. நிபந்தனைகள் சுலபம்: தொழில் தொடங்கி ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, இருபது ஆட்டுக்கு மேல் இருக்கக் கூடாது, சொந்தக் கையால் வளர்க்க வேண்டும். பணம் என்பது இருக்கிறவனைத் தேடித்தான் போகும். இது என்னவோ வழி தவறி, இல்லாதவர்களைத் தேடி வந்திருந்தது. அதனாலேயே ஊரில் யாரும் அதை நம்பவில்லை.

அவள் நம்பினாள். பயிற்சிக்குப் போனாள், முன்வரிசையில் உட்கார்ந்தாள், விண்ணப்பத்தில் 'ஆடுகள்: பதினொன்று' என்று எழுதிக் கொடுத்தாள். நேரில் பார்க்க அதிகாரி வருகிற நாளும் குறிக்கப்பட்டது.

இங்கேதான் அண்ணன் வருகிறார். அவளுக்கு ஒரே அண்ணன். குடிநீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டர். நாள் முழுக்க மோட்டார் சத்தத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, யார் என்ன சொன்னாலும் காதில் விழாமலே தலையாட்டப் பழகிவிட்டவர். திட்டத்தின் நிபந்தனைகளை அவள் அவரிடம் மூன்று தரம் சொன்னாள். மூன்று தரமும் தலையாட்டினார். ஆனால் கடன் விஷயத்தில் அவருக்கென்று ஒரு ஞானம் இருந்தது. ஒரு காலத்தில் வீட்டுக் கடன் கேட்டுப் போய், தேய்ந்த செருப்போடு வாசலிலேயே நின்று திரும்பியவர் அவர். மறுவருடம் நண்பனின் கைக்கடிகாரத்தையும் ஷூவையும் மாட்டிக்கொண்டு போனார். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். "இருக்குன்னு காட்டினாத்தான் கொடுப்பான். இல்லன்னு போய் நின்னா தண்ணிகூடக் கொடுக்க மாட்டான்" என்பது அவர் அனுபவித்துக் கற்ற பாடம்.

அதிகாரி வந்த அன்று, இடம் தெரியாமல் அலையக் கூடாதே என்று அவள் முக்கு ரோடு வரை போய்க் காத்திருந்தாள். அதிகாரி ஒரு பெண். வெயிலில் கறுத்த முகம், ஸ்கூட்டர், தோளில் ஒரு பை. முன்னால் தன் மொபெட்டில் வழிகாட்டிக்கொண்டு வந்த பார்லர்க்காரி, சூளையைத் தாண்டித் திரும்பியதும் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டாள். பொட்டல் முழுக்க ஆடு. நாற்பதுக்குக் குறையாது. நடுவே, இஸ்திரி போட்ட சட்டையில், கல்யாண வீட்டு வாசலில் நிற்பவரைப் போல அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஆடு வளர்க்கிற தன் சீட்டாட்டக் கூட்டாளியின் பட்டியைக் காலையிலேயே திறந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார் மனிதர்.

"வாங்க மேடம், வாங்க. எல்லாம் தங்கச்சியோட ஆடுங்கதான். சும்மா சொல்லக் கூடாது, ராசியான கை."

அதிகாரி பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பார்த்தார். ஆடுகளைப் பார்த்தார். மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார்.

"பதினொண்ணுன்னு எழுதியிருக்கீங்க."

"அது அப்ப எழுதினது மேடம்" என்றார் அண்ணன். "ஆடு பெருகும் இல்லையா."

"பத்து நாள்ல நாப்பதாவா?" அதிகாரி குரலை உயர்த்தவில்லை. "இது புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கான திட்டம்மா. இருபதுக்கு மேல இருந்தா நான் தள்ளுபடின்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதான்."

அண்ணனின் முகத்தில் இருந்த கல்யாணக் களை இறங்கியது. ஆமாம் என்றால் பணம் போயிற்று. இல்லை என்றால் கூடப் பிறந்தவரைப் பொய்யர் என்று மூன்றாம் மனுஷி முன்னால் சொல்லியாக வேண்டும். அப்பா போன பிறகு அவளுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டியவர் அவர். நிலத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"எங்கண்ணன் பொய் சொல்றாரு மேடம். என் ஆடு பதினொண்ணுதான்."

"அவர் ஒண்ணு சொல்றாரு, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நான் யாரை நம்பறது?"

"ஆட்டை நம்புங்க. பொழுது சாயற வரைக்கும் இருங்க. மத்ததெல்லாம் அதுங்க வீட்டுக்கு அதுங்களே போயிடும். நிக்கறதுதான் என்னுது."

அதிகாரி யோசித்தார். கவிழ்த்துப் போட்ட தீவன வாளியின் மேல் உட்கார்ந்தார். பார்லர்க்காரி பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். மூன்று பேரும் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆடுகள் இவர்களைச் சட்டை செய்யவே இல்லை.

வெயில் தணிந்ததும் கிழட்டுக் கிடா ஒன்று தலையைத் தூக்கிக் கால்வாய்ப் பக்கம் மோந்து பார்த்தது. நடக்க ஆரம்பித்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் நாலைந்து. அண்ணன் துள்ளி எழுந்து குறுக்கே ஓடினார். இந்தப் பக்கம் மறித்தால் அந்தப் பக்கம் போயின. துண்டை வீசினார், ஒரு குட்டி அதையும் கவ்விக்கொண்டு போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால்கூடக் கொஞ்ச நேரம் மறையும். முப்பது ஆட்டுக்கு முன்னால் ஒற்றை மனிதர் என்ன செய்வார்? வேலி இல்லாத நிலம் வேறு. அலுவலகம் விட்ட கூட்டம் மாதிரி எல்லாம் அவசரமில்லாமல் நடந்து, கால்வாய்ப் பாலத்தில் ஏறி மறைந்தன.

புழுதி அடங்கியது. மிச்சம் நின்றவை பதினொன்று. அதிகாரி இரண்டு தரம் எண்ணினார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டே எழுதினார்: 'ஆடுகள் பதினொன்று. வேலி இல்லை. நேரில் பார்த்தேன்.'

"சம்பளம் வாங்கற ஒருத்தர் ஜாமீன் கையெழுத்துப் போடணும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டுவந்து கொடுத்துட்டீங்கன்னா மாசக் கடைசிக்குள்ள முடிச்சுடலாம்."

"எனக்குச் சம்பளக்காரர்னா இவர் ஒருத்தர்தான் மேடம்."

"ஜாமீன் போடறவர் ஆடு எண்ண வேண்டியதில்ல. கையெழுத்துப் போட்டாப் போதும்."

திரும்பிப் பார்த்தபோது அண்ணன் இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சூளை ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார். சட்டை முதுகில் ஆட்டின் குளம்படி ஒன்று பதிந்திருந்தது.

அதற்கப்புறம் அவர் போனை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் அண்ணி வாசலிலேயே சொன்னாள்: "சாப்பிடறாரு, தூங்கறாரு. வாய்தான் திறக்க மாட்டேங்கறாரு. உன் பேரைச் சொன்னா டிவி சத்தத்தைக் கூட்டறாரு." புதன் போயிற்று, வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் அவள் படிவத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு பம்ப் அறைக்கே போய்விட்டாள்.

பச்சை வர்ணம் உதிர்ந்த சின்ன அறை. சுவரில் வரிசையாக மீட்டர்கள், தரையில் ஈரம், மூலையில் ஒரு ஸ்டூல். மோட்டார் சத்தத்தில் ஜன்னல் கம்பிகள்கூட அதிர்ந்தன. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காத" என்றாள். கேட்கவில்லை. கத்தினாள். அவர் வழக்கம்போலத் தலையாட்டினார். அவள் பக்கத்தில் போய் நின்று, தொண்டை கிழிய, "நான் வேற என்னண்ணா பண்ணியிருக்க முடியும்?" என்று கேட்டாள். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

அது மட்டும் அவருக்கு எப்படியோ கேட்டுவிட்டது. எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினார். பணி நேரத்தில் அவர் அதை நிறுத்தியதே கிடையாது. குழாய்களில் தண்ணீர் அடங்கும் சத்தம் கேட்டது; பிறகு அதுவும் இல்லை.

"அப்பா போனதுலேர்ந்து நீ யார்கிட்டயும் எதுவும் கேட்டதில்ல" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டே. "பசிச்சாக்கூடக் கேக்க மாட்ட. முதல் தடவையா ஒருத்தர்கிட்டக் கேக்கற. என் தங்கச்சி ஒண்ணுமில்லாதவளா நின்னு கேக்கறதை என்னால பாக்க முடியாதுன்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லாதவங்களுக்குத்தாண்ணா அந்தத் திட்டமே."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

மூன்று தரம் சொன்னதை அவள் சொல்லிக்காட்டவில்லை. படிவத்தை எடுத்து ஸ்டூலின் மேல் விரித்துப் பேனாவை நீட்டினாள். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் படித்தார். கையெழுத்துப் போட ஆரம்பித்தபோது சுவரில் மாட்டியிருந்த டெலிபோன் அடித்தது. நான்கு தெருவில் தண்ணீர் நின்றுவிட்டதாம், சோப்பும் கையுமாக ஜனங்கள் கத்துகிறார்களாம்.

"சின்ன வேலை ஒண்ணு, இதோ முடிஞ்சுது" என்று சொல்லி ரிசீவரை வைத்தார். திரும்ப வந்து, பெயரை முழுசாக, எழுத்து எழுத்தாகப் போட்டு, மை காயும்வரை ஊதிவிட்டு, அப்புறம்தான் போய் மோட்டாரைப் போட்டார்.