உதறாத குடை

பொழியூரிலிருந்து பாறசாலைக்குப் போகும் பஸ்ஸில், கொட்டும் மழையோடு ஏறிய ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அகன்ற நெஞ்சு, உப்புத் தண்ணீரில் சிவந்த கண்கள், சிரித்த முகம். குடையை உதறாமல் அப்படியே மடக்கி மடியில் வைத்துக்கொண்டதில் என் வேட்டியும் நனைந்தது.

“வெளியே நீட்டி ஒரு உதறு உதறக்கூடாதா அண்ணா?” என்றேன்.

“உதறுகிய பழக்கத்த விட்டாச்சு சாரே,” என்று சிரித்தார். “நான் சிப்பி எடுக்க முங்குகிய ஆளாக்கும். போன வருஷம் ராமேஸ்வரம் பக்கம் தீவுக்குப் பாசி பறிக்க வனத்துறைக்காரவ கூட்டிட்டுப் போனாவ. வெளிநாட்டுப் பாசி. பவளப்பாறைய அப்படியே மூடிக் கொன்னுபோடும். பறிச்சுப் பறிச்சு வலைப்பைய நிறச்சேன். மேல வாறதுக்கு முன்ன, சிப்பியில மண்ணு போகச் செய்யிய மாதிரி, தண்ணிக்குள்ளயே பைய நல்லா உதறினேன்.”

“அதனால் என்ன?”

“அதுல ஒரு துண்டு போய்ப் பாறையில ஒட்டினா போரும், புதுசா வளரும். சொல்லும், நான் பறிச்சேனா, நட்டேனா?”

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருவரும் சிரித்தோம்.

பாறசாலை ரயில் ஸ்டேஷன் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“எங்கே பயணம்?” என்றேன்.

“அங்கதான். இந்தத் தடவ யாரும் விளிக்கல்ல. ஆனா நான் உதறினது அங்க கெடக்குல்லா?”

குடை சொட்டச் சொட்ட இறங்கிப் போனார். அவ்வளவு பெரிய கடலில் தான் உதறிய துண்டு எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பார் என்று, வேட்டியைப் பிழிந்தபடி வீடுவரை யோசித்துக்கொண்டே போனேன்.