கிணற்றடிச் செம்புத் தகடு

என் அண்ணன், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர்; அவருடைய வானொலி லைசன்ஸ் என்னிடம் இருக்கிறது. முத்திரையில் வருடம் 195 வரை தெளிவு. கடைசி இலக்கம் மங்கிவிட்டது. அவர் கலியாணம் முடித்த வருடம் என்பது மட்டும் நிச்சயம்.

கல்முனையில் பிறந்த காக்கா, எங்கள் வாப்பா மௌத்தானதும் படிப்பை விட்டு நெல் ஆலையில் எஞ்சின் பார்த்தார். மின்சாரத்தை அங்கேதான் கற்றார். ஊர் வழக்கப்படி பெண்வீட்டில் குடியேறியபோது ஒரு பற்றரி வானொலியையும் கொண்டுபோனார்.

வானொலிக்கு ‘ஏர்த்’ வேண்டுமென்று, கிணற்றடியில் செம்புத் தகடொன்றைக் கம்பி கோத்துப் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டார். அந்த வாரமே மதினிக்குக் காய்ச்சல். மதினியின் உம்மா, அதாவது மாமி, கம்பியைப் பிடித்துக்கொண்டே போய்க் குழியைக் கிண்டினார். செம்புத் தகடு, கரி, உப்பு. சூனியம் என்று நம்ப வேறென்ன வேண்டும்?

மாமி மருமகனுடன் நேரே கதைப்பதில்லை. திரைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொன்னார்:

“சூனியக்காரனத் தேடி ஊரெல்லாம் அலையிறாங்க. நாங்க மாப்பிள்ளையாவே எடுத்து வெச்சிரிக்கம். வெள்ளிக்கிழம பள்ளிவாசல் மரைக்காரக் கூப்பிடுவம், புள்ள. பிரிச்சி உட்ருவம்.”

“தகட்டுல எழுத்தொண்டும் இல்லயே, உம்மா.”

“எழுதாததுதான் பயம். என்ன செஞ்சிரிக்கெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற?”

காக்கா திரையைப் பார்த்துச் சொன்னார்: “மாமி, மின்சாரம் ஓட வழி வேணும். ஏரியல்ல புடிக்கிறது கம்பிச் சுருளுக்குள்ளால போய் மண்ணுல இறங்கணும். கொண்டென்சரத் திருப்பினா வேண்டிய நிலையம் மட்டும் நிக்கும். உப்பும் கரியும் மண் காயாம இரிக்கத்தான்.”

“மண்ணுக்குள்ள என்னமோ இறக்கிறாரெண்டு அவரே ஒத்துக்கிறார், கேட்டியா?”

காக்கா எழுந்து கிணற்றடிக்குப் போனார். தகட்டைக் கழற்றிக் கழுவித் திரையடியில் வைத்தார். மரைக்காரைக் கூப்பிடும் கதை நின்றது. காய்ச்சலும் இறங்கியது; மாமியின் சந்தேகம் இன்னும் இறுகியது. தகடில்லாத வானொலியோ இரைச்சலோடு முனகிக்கொண்டு கிடந்தது.

நோன்புப் பிறை பார்க்கும் அந்தியில் அது திடீரெனத் தெளிவாகப் பேசியது. காக்கா கம்பியைத் தொடர்ந்து போனார். பழைய குழியில் தகடு. கம்பி இறுக முறுக்கியிருந்தது. மேலே புதுக் கல்லுப்பு. மதினி, “நானில்ல” என்றார். திரைக்குள்ளிருந்து மாமி கேட்டது ஒன்றுதான்: “பிற கண்டாச்சாமா? கேளு, புள்ள.”

அந்த வீட்டிலேயே பிள்ளைகளை வளர்த்து, அங்கேயே காக்கா வபாத்தானார். கடைசி நோயில் கண்விழித்துப் பார்த்த மருமக்களுக்கும், ஜனாஸாவைச் சுமந்த அயலவர்களுக்கும் அல்லாஹ் நற்கூலி தருவானாக. தகட்டைத் திரும்பப் புதைத்தவருக்கும் நாங்கள் நன்றி சொல்ல வேண்டும். மாமி வீட்டில் கல்லுப்புத்தான் பாவிப்பார்கள். ஆனால் அயலிலும் எல்லோரும் அதுதான். அவர் மாமிதானா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.