உப்பளம் பார்த்த ஜன்னல்

மரக்காணம் உப்பளத்தை ஒட்டியிருக்கும் முன்னாள் படைவீரர் இல்லத்தைப் புதுப்பித்துக் கட்ட ஒருவழியாக அரசு அனுமதி வந்தது. அங்கே தங்கியிருப்பவர்களில் பலராமனும் ஒருவர். பனிமலையில் காவல் இருந்தவர். முழங்கால் கெட்டபின் வாசல்வரைதான் நடை. உறவென்று மிஞ்சியது தங்கை அஞ்சம்மாள் மட்டும். இல்லத்துக்கு மேற்கே உள்ள பாத்திகளில் உப்பு வாருகிறாள். காலையில் வேலைக்கு இறங்குமுன் தலைத்துண்டை அவிழ்த்து ஒரு உதறு உதறுவாள். மேற்கு ஜன்னலிலிருந்து பலராமன் கை தூக்குவார். இரண்டு பேரும் நலம் என்று அதற்கு அர்த்தம்.

வேலை நடக்கும்வரை எல்லாரும் முன்கட்டில் இருந்தார்கள். முடிந்து அறைக்குத் திரும்பினால், புது வெள்ளை, புதுக் கட்டில், கடல் பக்கம் பெரிய ஜன்னல். மேற்கே வெறும் சுவர்.

பலராமன் மேஸ்திரி சகாதேவனைக் கூப்பிட்டார்.

"இங்க இருந்த ஜன்னல் எங்கப்பா?"

"உப்பளத்தப் பாத்து எவனாவது ஜன்னல் வெப்பானா மிலிட்டரி? சாயந்தர வெயிலு உப்புல பட்டு கண்ணப் பறிச்சிடும். எங்க ஊட்லயே கெடையாது."

"பிளான்ல இருந்துதா, இல்லியா?"

"இருந்துது."

"கவர்மெண்டு வெக்கச் சொன்னத அடைக்க ஒனக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

சகாதேவன் கழுத்தைச் சொறிந்தார். "ஒங்க தங்கச்சிதாங்க."

பலராமனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மதியம் அஞ்சம்மாள் வந்தாள். காலில் உப்பு காய்ந்து வெடித்திருந்தது.

"ஏன் அடைக்கச் சொன்னே?"

"ஆபரேஷன் பண்ண கண்ணுண்ணா. நாளெல்லாம் அந்த வெள்ளையவே பாத்துக்கினு குந்தியிருக்கே. சொன்னா கேக்கற ஆளா நீ?"

"நீ வேலைக்கு வந்தியா, படுத்துட்டியான்னு எனக்கு எந்தச் சுவரு சொல்லும்?"

பலராமன் கட்டிலடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்தார். பனியில் போட்ட கறுப்புக் கண்ணாடி அதில் இருந்தது. தலையைச் சுற்றிக் கட்டும் பட்டை இற்றுப் போயிருந்தது.

"இத்தப் போட்டுக்கினு அதவிட வெள்ளையப் பாத்தவன் நான்."

அஞ்சம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தலைத்துண்டின் ஓரத்தைக் கிழித்து, பட்டை இருந்த இடத்தில் இறுக்கி முடிந்தாள்.

"மேஸ்திரி, இடிச்சிடு," என்றாள், வாசலில் நின்ற சகாதேவனிடம்.

"கட்டச் சொல்றதும் நீ, இடிக்கச் சொல்றதும் நீ. நல்ல கவர்மெண்டும்மா!"

ஜன்னல் திரும்ப வந்த காலையில் பலராமன் கண்ணாடியோடு போய் நின்றார். பாத்தியிலிருந்து ஒரே சிரிப்பு.

"யண்ணா, ஏரோபிளேனு எந்த ஊருக்குப் போவுது?"

கேட்டுவிட்டு, ஓரம் கிழிந்த துண்டை உதறினாள். அவர் கை தூக்கினார்.