கோபுரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம்

இதைக் கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்குக் கதை எழுத வராது. கால அட்டவணைதான் வரும். ரீகன்ஸ்பர்க்குக்கு வந்து, மூன்று மணி நேரத்தில் ஊரையே பார்த்துவிட வேண்டும் என்று நிற்பவர்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறேன். அதனால் கீழே வரும் நேரங்கள் எல்லாம் சரியான நேரங்கள். மற்றதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

ஊர் பார்க்க வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதை மறைக்க விரும்பவில்லை. இரண்டாயிரம் வருடத்து ஊர். கப்பலிலிருந்து இறங்கியதும், "முக்கியமானது மட்டும் சொல்லுங்க" என்பார்கள். தேவாலயத்துக்குள் போய்ச் செல்பேசியைத் தூக்கிப் பிடிப்பார்கள். வெளியே வந்து கழிப்பறை எங்கே என்பார்கள். இந்தக் கூட்டத்துக்கு இது போதும் என்று ஒரு தாள் அச்சடித்து வைத்திருந்தேன். கல் பாலம் பதினைந்து நிமிடம். தேவாலயம் இருபது. ஆற்றோரக் கடையில் ஆறு சாஸேஜும் புளித்த முட்டைக்கோஸும் இருபத்தைந்து. மணிக்காரர் கோபுரம் பன்னிரண்டு. கீழே என் பெயர், நோர்பர்ட் ஆய்க்னர்.

கோபுரத்துக்கு நூற்று எண்பத்தாறு படிகள். சுற்றிச் சுற்றிப் போகும் குறுகலான கல் படிகள். மேலே என்ன இருக்கிறது என்று அடுத்த படியைத் தாண்டித் தெரியாது. நூற்றிருபதாவது படியில் சுவரைக் குடைந்து ஒரு மரப் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். முன்பு அதையும் தாளில் குறிப்பிட்டிருந்தேன். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். ரயிலை விட்டுவிட்டு என் மேல் புகார் எழுதுவார்கள். அதனால் பெஞ்சைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன்.

புகார் எழுதுவது எங்கள் நாட்டில் ஒரு பொழுதுபோக்கு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கடிதங்களை நான் பிரிப்பதே இல்லை. மேசைக்கடியில் ஒரு பழைய பூட்ஸ் பெட்டி இருக்கிறது. நேராக அதற்குள் போய்விடும்.

போன நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை. காலை 11.05. தொலைபேசி அடித்தது.

"மூணு மணி நேரம்... ஊர் பார்க்கணும்... திட்டம் வேணும்..."

வயதான பெண் குரல். இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. பெயர் கேட்டேன். ப்ரூன்ஸ் என்றாள். ஊர் ப்ரேமன். வரும் நாள் வியாழக்கிழமை.

"எத்தனை பேரு?"

"ரெண்டு."

"கூட வர்றது வீட்டுக்காரரா?"

"இல்ல... ஒருத்தர்... வருவார்."

"சரி. திட்டத்த எங்க அனுப்பணும்?"

"நானே வந்து... வாங்கிக்கிறேன். கோபுரத்துக்கு மட்டும்... நாற்பது நிமிஷம்... போடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாற்பது நிமிஷத்துல இன்னொரு கோபுரமே கட்டிரலாம்மா. பன்னிரண்டு போதும்."

"நீங்க... ஏறிப் பாத்தீங்களா?"

"இருபத்தாறு வருஷமா ஏறிட்டு இருக்கேன்."

"என் நடைக்கு... ஏறிப் பாத்தீங்களா?"

என்ன கேள்வி இது.

"நடுவுல உட்கார... எங்கயாவது... இடம் இருக்கா?"

"அது கோபுரம்மா. பூங்கா இல்ல."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

எதிர் மேசையில் ரோஸ்விட்டா. பதினான்கு வருடமாக என்னைச் சகித்துக்கொண்டிருப்பவள். அவளுக்கு அந்தக் குரலை நடித்துக் காட்டினேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, "நாற்பது... நிமிஷம்..." என்றேன்.

"உனக்கும் வயசாகும் நோர்பர்ட்."

"ஆகட்டும். அப்ப நான் வீட்ல கிடப்பேன். கோபுரம் ஏறி ஊர் உயிர வாங்க மாட்டேன்."

"பெஞ்சு ஒண்ணு இருக்குன்னாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல. அதுல உன் சொத்தா போயிருது?"

"சும்மா இரு. வியாழக்கிழமை நானே நேரம் பாத்து ஏறிக் காட்டுறேன். பன்னிரண்டுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனா உனக்குக் கேக் வாங்கித் தரேன்."

வியாழக்கிழமை மூன்று மணி வரை அந்தம்மா அலுவலகத்துக்கு வரவில்லை. எதிர்பார்த்ததுதான். கேட்பார்கள், வர மாட்டார்கள். திட்டத்தைக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டு நான் மட்டும் கிளம்பினேன்.

டான்யூப் ஆற்றிலிருந்து பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. பாலத்தின் அந்தக் கரை தெரியவில்லை.

மாலை 3.41. கோபுர வாசலில் அலோயிஸ். மே மாதம்தான் இந்த வேலைக்கு வந்தவன். உள்ளே போகிறவர்களை எண்ண அவன் கையில் ஒரு சின்னக் கருவி இருக்கும். நான் நுழைந்ததும் அழுத்தினான்.

டிக். டிக்.

"ரெண்டு தடவை அழுத்திட்ட."

"சரியாத்தான் அழுத்தினேன்" என்றான், நாளிதழிலிருந்து முகத்தை எடுக்காமல்.

இவனுக்கு ஒன்று இரண்டு கூட எண்ண வராது என்று நினைத்துக்கொண்டேன். 3.42. நேரம் பார்க்கும் கடிகாரத்தைத் தட்டிவிட்டு ஏறினேன்.

முப்பதாவது படி. கீழே ஒரு சத்தம்.

டொக்.

கல்லில் ஊன்றுகோல் படும் சத்தம். யாரோ வருகிறார்கள். நின்றேன். அதுவும் நின்றது. வழி விடுவதற்காகச் சுவரோடு ஒட்டி நின்றேன். யாரும் வரவில்லை. ஒரு நிமிடம் வீணாகிவிட்டதே என்று எரிச்சலோடு ஏறினேன்.

டொக். டொக்.

அறுபத்து நான்காவது படியில் ஒரு சின்ன ஜன்னல். வெளியே வெறும் வெள்ளை. கீழே ஆஸ்துமாக்காரர் போல மூச்சிழுக்கும் சத்தம்... நான் நின்றால் நின்றது. நடந்தால் வந்தது.

"யாரு? முன்னால போறதுன்னா போங்க."

மறுபடி ஏறினேன்.

தொண்ணூறாவது படியில் கால் கனத்தது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏறுகிறவன். அன்று மூன்று படிக்கு ஒருமுறை நிற்க வேண்டியிருந்தது. நெஞ்சுக்குள் யாரோ கையை வைத்து அழுத்தியது போலிருந்தது.

மூன்று படி... மூச்சு.

மூன்று படி... மூச்சு.

எங்கேயோ கேட்ட மூச்சு. செவ்வாய்க்கிழமை நான் நடித்துக் காட்டிய அதே மூச்சு. இப்போது நான் நடிக்கவில்லை.

நூற்றுப் பதினைந்து.

நூற்றுப் பதினாறு... பதினேழு...

நூற்றுப் பதினெட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் துணி உரசியது.

யாரோ உட்கார்ந்தார்கள்.

அந்தப் படியில் இரண்டு பேர் உட்கார இடமில்லை.

என் இடது தோள் சில்லிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. இன்றுவரை அதற்காக வருத்தப்பட்டதில்லை.

"இன்னும்... எத்தனை... படி?"

காதருகில்.

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தனை... படி?"

"ரெண்டு" என்றேன். "ரெண்டு படிதாம்மா. மேல பெஞ்சு இருக்கு."

டொக்.

டொக்.

மேலே பழைய மரம் மெல்ல முனகியது. யாரோ தன் முழுக் கனத்தையும் இறக்கி உட்காரும் சத்தம். பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு ஒன்றுமில்லை.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வாசலில் வந்து விழுந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். நான் அதை நிறுத்தவில்லை. சரியாக நாற்பது நிமிடத்தில் நின்றிருந்தது.

அலோயிஸ் நாளிதழை மடித்தான். "அந்தம்மா மேலயே இருக்காங்களா? பூட்டணும்."

"எந்தம்மா?"

"உங்க பின்னாலயே வந்தாங்களே. ஊன்றுகோல், நீலத் தொப்பி. நீங்கதான் கூட்டிட்டுப் போறதா சொன்னாங்க."

அவனே டார்ச்சை எடுத்துக்கொண்டு உச்சிவரை போய் வந்தான். யாருமில்லை. வாசல் ஒன்றுதான். என்னைத் தவிர யாரும் இறங்கவில்லை. அவன் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த ஏளனம் எனக்கு நன்றாகப் பழக்கமான ஏளனம்.

5.10க்கு அலுவலகம் வந்து ரோஸ்விட்டாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ப்ரூன்ஸா? ப்ரேமனா? இந்தப் பேரை நான் ஒரு கவர்ல பாத்திருக்கேன்."

குனிந்து பூட்ஸ் பெட்டியை வெளியே இழுத்தாள். அடியில் கிடந்தது அந்தக் கவர். அனுப்புநர் ஆல்வின் ப்ரூன்ஸ், ப்ரேமன். அஞ்சல் முத்திரை மார்ச் 19. எட்டு மாதமாக என் காலடியில் இருந்திருக்கிறது.

ரோஸ்விட்டாதான் வாசித்தாள்.

"ஐயா, மார்ச் 6ஆம் தேதி உங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நானும் என் மனைவி ஹெட்விக்கும் கோபுரம் ஏறினோம். அவளுக்கு இதய நோய். மெதுவாகத்தான் ஏறுவாள். பன்னிரண்டு நிமிடம் என்று போட்டிருக்கிறதே, ரயில் போய்விடுமே என்று நான்தான் விரட்டினேன். நூற்றுப் பதினெட்டாவது படியில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. இரண்டு படி மேலே பெஞ்சு இருந்ததை, அவளைத் தூக்க வந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. தாளில் பெஞ்சைப் போடுங்கள். நாற்பது நிமிடம் என்று மாற்றுங்கள். அவ்வளவுதான்."

அந்த மார்ச்சில் ஒரு வயதான பெண் கோபுரத்தில் இறந்ததாக நாளிதழில் நான்கு வரி வந்தது எனக்கு நினைவிருந்தது. பெயர் போடவில்லை. இந்த வயதில் ஏற ஆசைப்பட்டால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்ததும் நினைவிருந்தது.

"இன்னும் ஒரு வரி இருக்கு" என்றாள் ரோஸ்விட்டா. அவள் குரல் இறங்கியிருந்தது.

"கடைசியாக அவள் பேசியதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. தாளைக் காட்டி, 'இதை எழுதினவர்... ஒரு நாள்... என்கூட ஏறி வரட்டும்' என்றாள்."

செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் பேசியபோது நான் எழுதிய குறிப்பு மேசை மேலேயே இருந்தது. என் கையெழுத்துதான். பெயர், ப்ரூன்ஸ். நாள், வியாழன். ஆட்கள், இரண்டு. கூட வருபவர் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தேன்.

ரோஸ்விட்டா பேனாவை எடுத்தாள். அந்த இடத்தில் என் பெயரை எழுதினாள்.