அம்மா சொன்ன ‘இல்லீங்க’

எனக்கு நர்சிங் சீட் கிடைத்த வாரமே தாலுகா ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போய்விட்டது. இவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், எஸ்.சி. சான்றிதழ் கொடுக்கக் கூடாது என்று.

சட்டம் அப்படித்தான் இருக்கிறது. மாதாவைக் கும்பிட்டால் எங்கள் சாதி அன்றைக்கே கழன்று விழுந்துவிடுமாம். எங்கள் சர்ச் கல்லறையில் எங்கள் ஆட்களைச் சுவரோரம் தனியாகத்தான் புதைக்கிறார்கள். அது சட்டம் எழுதியவருக்குத் தெரியாது போலும். சர்க்காரை நினைத்தாலும் குமட்டுகிறது, சர்ச் சாமியார்களை நினைத்தாலும் குமட்டுகிறது.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே அப்பா என்னை இந்து என்று எழுதிவிட்டார். நாங்கள் குடியிருந்த சாரம் பகுதியில், எங்கள் சந்தில் பாதிப் பேருக்கு சர்ச்சில் ஒரு பேர், ரேஷன் கார்டில் ஒரு பேர். ஆனால் இப்போது வி.ஏ.ஓ. நேரில் பார்க்க வருகிறார் என்றார்கள். அப்பா மேட்டுப்பாளையம் கம்பெனியில் ஷிப்டில் இருந்தார். நானும் அம்மாவும் மாதா படத்தைப் போர்வையில் சுற்றி அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தோம். எதிர்வீட்டு அக்கா முருகன் படமும் காமாட்சி விளக்கும் இரவல் கொடுத்தார்.

“வெள்ளிக்கெழமைக்குள்ள குடுத்துடு, எனக்கு வௌக்கேத்தணும்” என்றார்.

ஸ்டிக்கர் பொட்டுகூட வைக்காத அம்மா குங்குமம் வைத்துக்கொண்டாள். கோணலாக இருந்தது. நான்தான் துடைத்துச் சரியாக வைத்துவிட்டேன். என் கையே எனக்கு அருவருப்பாக இருந்தது.

வி.ஏ.ஓ. செருப்போடு உள்ளே வந்தார். முருகனுக்கு எதிரே செருப்புக் காலோடு நின்று எங்கள் பக்தியைச் சோதித்தார். விளக்குத் திரியை நிமிண்டிப் பார்த்தார். என்னிடம் கழுத்துச் சங்கிலியை வெளியே எடுத்துக் காட்டச் சொன்னார். சிலுவை டாலரைக் காலையிலேயே கழற்றியிருந்தேன். பதினேழு வயதுப் பெண்ணின் கழுத்தில் மதத்தைத் தேடுவதும் ஓர் உத்தியோகம்.

அவருக்கு வியர்த்துக் கொட்டியது. அம்மா டம்ளரில் தண்ணீர் நீட்டினாள்.

“வேணாம்மா, வண்டியில பாட்டில் இருக்கு” என்றார். எங்கள் சாதிக்கு அத்தாட்சி தேடி வந்தவர், அதை அந்த டம்ளரிலேயே பார்த்திருக்கலாம்.

போகும்போது கேட்டார். “ஏம்மா, சர்ச்சுக்குப் போவீங்களா? சாமி மேல சத்தியமா சொல்லுங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள்.

“இல்லீங்க” என்றாள்.

சான்றிதழ் வந்தது. படித்து முடித்தேன். இப்போது அரசு ஆஸ்பத்திரியில் வேலை.

அம்மா அதன்பிறகு, தன் முகம் யாருக்கும் தெரியாத ஒரு சர்ச்சுக்கு பஸ் ஏறிப் போகிறாள். முழுப் பூசையும் பார்க்கிறாள். ஆனால் கடைசியில் எல்லோரும் அப்பம் வாங்க வரிசையில் போகும்போது எழுந்திருப்பதில்லை. நன்மை வாங்குவது என்போம் அதை. மற்றவர்கள் போகக் காலை ஒடுக்கி வழிவிட்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறாள். எட்டு வருஷமாக இப்படி.

போன மாதம் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“ஒரு பொய்தானம்மா? பாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டா மன்னிச்சிடுவாரு. அதோட முடிஞ்சிது.”

அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“செஞ்சது தப்புன்னு மனசு நொந்தாதான்டி அது செல்லும். எனக்கு நோவல. நாளைக்கே அந்தாளு வந்து கேட்டாலும் இல்லன்னுதான் சொல்லுவேன். அப்புறம் எந்த மூஞ்ச வச்சிக்கினு நன்மை வாங்குறது?”