வேரோடு எடுத்த ஏழு செடிகள்

வேரில்லாத செடியை அய்யம்பெருமாள் செடியாகவே மதிப்பதில்லை. மாணவர்கள் மலைப்பக்கம் போய்விட்டுக் கிளையை ஒடித்துக்கொண்டு வந்து நீட்டினால், "இது கொழம்பு தாளிக்கத்தான் ஆவும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பெரம்பலூரில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் அவர் உதவியாளர். 1995இல் சேர்ந்தபோது சொல்லப்பட்ட வேலை மேசை துடைப்பதும், நுண்ணோக்கிகளுக்கு உறை போடுவதும்தான். துறையின் பழைய அலமாரியில் பூச்சி தின்றது போக மிச்சமிருந்த, அட்டையில் தைத்த உலர்ந்த செடிகளைப் பார்த்து, இதைவிட நாம் நன்றாகத் தைப்போமே என்று ஒருநாள் நினைத்தார். அந்தத் தலைக்கனம்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

செடியை வேரோடு தோண்டி, மண்ணை உதறி, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே இலை மடியாமல் பரப்பி, இரண்டு மரச்சட்டங்களுக்கு இடையில் வைத்து வாரால் இறுக்க வேண்டும். தாளைத் தினமும் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு வேளை. காய்ந்ததும் தடித்த அட்டையில் நூலால் தைத்து, கீழ் மூலையில் ஊர், தேதி, எடுத்தவர் பெயர் எழுதிய சீட்டை ஒட்டினால் ஒரு ஷீட் ஆயிற்று. பத்து வருடத்தில் அவர் ஆயிரத்துச் சொச்சம் ஷீட்டுகள் செய்திருந்தார். வேப்பந்தட்டையில் அவருடைய வீட்டில் கட்டிலுக்கு அடியில், பரண்மேல், அரிசி டின்மேல் எல்லாம் சட்டங்கள்.

"வூட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க உக்கார எடமில்ல. செடி மட்டும் நல்லா காலு நீட்டிப் படுத்துருக்கு" என்பார் அவருடைய மனைவி கமலவேணி.

அவருடைய துல்லியத்துக்கு ஓர் எடுத்துக்காட்டைத் துறையில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். 2001இல் அரியலூர் தனி மாவட்டமானதும், அந்தப் பக்கம் எடுத்த நூற்றுப் பன்னிரண்டு செடிகளின் சீட்டுகளையும் கிழித்துவிட்டு, அரியலூர் மாவட்டம் என்று புதிதாக எழுதி ஒட்டினார். மறு வருடம் மாவட்டத்தைத் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். நூற்றுப் பன்னிரண்டையும் மறுபடி கிழித்தார். செடியை எடுத்த நாளில் எந்த மாவட்டமோ அதுதான் சீட்டில் இருக்க வேண்டும், மாற்றவே கூடாது என்று பேராசிரியர் சிவரஞ்சனி சொன்னபோது கடைசிச் சீட்டில் பசை காய்ந்துகொண்டிருந்தது.

2004 ஆடியில் முதல் நல்ல மழை பெய்த நாலாம் நாள், மலையடிவாரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் ஒரு சரளைக் கரட்டில் அவர் அந்தச் செடியைப் பார்த்தார். சாண் உயரம்கூட இல்லை. புல்லைப்போல் ஒல்லி இலை. புளியங்கொட்டை அளவில் கருஞ்சிவப்பாக ஒரு பூ. இதழ்களின் நுனிகள் மேலே ஒன்றுசேர்ந்து சின்னக் கூண்டாக நின்றன. குனிந்து முகர்ந்தார். செத்த எலி நாற்றம். கூண்டுக்குள் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. களைக்கொத்தால் சுற்றித் தோண்டினால், அடியில் சின்ன வெங்காயத்தைத் தட்டையாக்கியதுபோல் ஒரு கிழங்கு.

சிவரஞ்சனி மேடம் அதை லென்ஸுக்கு அடியில் வைத்து மூன்று வாரம் பார்த்தார். இருந்த புத்தகங்களை எல்லாம் புரட்டினார். படம் வரைந்து கோயம்புத்தூரில் உள்ள தாவர ஆய்வு நிலையத்துக்கு அனுப்பினார். பதில் வந்த அன்று அய்யம்பெருமாளைக் கூப்பிட்டார்.

"அய்யம்பெருமாள்ணே, இது எருக்குக் குடும்பந்தான். ஆனா இதுவரைக்கும் யாரும் எழுதாத செடி. கிழங்கோட, பூவோட இன்னும் ஆறு வேணும். காஞ்ச செடிங்களச் சேத்து வைக்கிற பெரிய ஹெர்பேரியம் ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு அனுப்பணும். அப்பத்தான் புது இனம்னு ஒத்துக்குவாங்க." பிறகு சாதாரணமாகச் சொல்வதுபோல், "உங்க பேரையே வச்சிரலாம்னு இருக்கேன்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் கரட்டில் நின்றார். முழங்கால் தேய ஊர்ந்து தேடினார். சரியாக ஆறு இருந்தன. கேட்டது ஆறு, இருந்ததும் ஆறு. யாரோ எண்ணி வைத்ததுபோல் இருக்கிறதே என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி. கொஞ்சம் மூளை உள்ளவன் அந்த இடத்திலேயே களைக்கொத்தைக் கீழே போட்டிருப்பான். அவர் ஆறையும் வேர் அறாமல், கிழங்கு கீறாமல், அத்தனை அழகாகத் தோண்டி எடுத்தார். அவர் வாழ்க்கையிலேயே சிறந்த ஷீட்டுகள் அவை. ஒன்றின் பூவுக்குள் அதேபோல் ஒரு ஈகூட இருந்தது.

அந்த வருடம் முழுக்க அவர் நடை மாறிப்போயிற்று. லத்தீனில் தன் பெயர் எப்படி முடியும் என்று மேடம் எழுதிக் காட்டிய துண்டுச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வார். டீக்கடையில் சர்க்கரை குறைவாகப் போடச் சொல்வதற்கு முன்னால் செடியைப் பற்றிச் சொல்லிவிடுவார்.

2005இல் கட்டுரை முடியும் நிலைக்கு வந்தது. ஒரு பத்திதான் பாக்கி.

"இந்தச் செடி எந்த அளவுக்கு ஆபத்துல இருக்குன்னு எழுதணும்ணே. பூக்கிற வயசுச் செடி அம்பதுக்குக் கீழன்னா, அழியப்போற செடிங்க பட்டியல்ல ரொம்ப மோசமான நெலைல வரும். மழை பேஞ்சதும் போயி எண்ணிட்டு வாங்க."

மழை பெய்தது. போனார். இல்லை. இன்னும் ஈரம் இறங்கட்டும் என்று வாரம் கழித்துப் போனார். இல்லை. மூன்றாவது முறை கரட்டை நூல் கட்டிக் கட்டம் பிரித்து, கட்டம் கட்டமாகத் தேடினார். போன வருடம் தான் தோண்டிய ஏழு குழிகளின் தடம் மட்டும் மிக ஒழுங்காக இருந்தது.

"என்னங்க, ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தீங்களே, அந்தச் செடி எங்க?" என்று கமலவேணி கேட்டார்.

"அலமாரில இருக்கு."

"உசுரோடயா?"

அவர் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். உலகத்தில் ஒரே ஒரு கரட்டில் இருந்த செடி. அதற்கு அவர் பெயர். அதை ஒழித்ததும் அவர். வரப்போகும் தன் பெயருக்கு இதைவிடக் கேவலமான பெருமை கிடைக்காது என்று தோன்றியது. நோட்டில் 'சுமார் நாற்பது' என்று எழுதிவிட்டால் மறுத்துப் பேச ஒருவரும் இல்லை. பென்சிலை எடுத்தும் விட்டார். ஆனால் 'சுமார்' என்ற சொல்லை அவர் எந்தச் சீட்டிலும் எழுதியதில்லை; கை போகவில்லை.

நான்காவது முறை போனபோது கரட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆண்டாயி பேச்சுக் கொடுத்தாள். நாற்பது வயதிருக்கும். அந்தப் பக்கம் அவரைப் பலமுறை பார்த்தவள்தான்; பேசியதில்லை.

"என்ன பேப்பர்காரரே, தரையவே மோந்துக்கிட்டுத் திரியிறீங்க. எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

அவர் செடியின் அடையாளம் சொன்னார். கூண்டுப் பூ, கிழங்கு, நாற்றம்.

"நாத்தக்கெழங்கா? அதத்தான் போன வருசம் நீங்களே வழிச்சு எடுத்துட்டுப் போனீங்களே. அந்தப் பாறைல உக்காந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"பாத்தீல்ல, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"படிச்ச மனுசன், என்னமோ மருந்துக்கு எடுக்கறாருன்னு இருந்தேன். நாங்களும் தண்ணி தவிச்சா ஒண்ணு ரெண்டு தோண்டித் தின்போம். பெருசத் தின்னுட்டுப் பொடிச உட்டுருவோம். நீங்க பொடிசக் கூட உடலியே."

அவர் பழைய குழி ஒன்றில் காலால் மண்ணைத் தள்ளினார். "வேற எங்கயாச்சும் இருக்கா?"

அவள் ஓர் ஆட்டைத் திருப்பிவிட்டு வந்தாள். "இருந்தா என்ன பண்ணப்போறீங்க?"

"எண்ணணும்."

"எண்ணி?"

"எழுதணும்."

"எழுதி?"

"எத்தன இருக்குன்னு எழுதினாத்தான், அழியாமப் பாத்துக்குவாங்க."

"யாரு?"

அவர் களைக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அவள் அந்தக் கொத்தைப் பார்த்தாள். பிறகு, "அந்தக் கொத்த இங்கன வையிங்க. பையையும் வையிங்க. கையப் பின்னால கட்டிக்கிட்டு வாங்க" என்றாள்.

ஐம்பது வயது மனிதர், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளைபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். இரண்டு மேடு தாண்டி, சூரை முள் புதர்கள் மண்டிக் கிடந்த ஒரு சரிவு. முள்ளுக்கு அடியில், ஆட்டுக் காலும் ஆள் கையும் எட்டாத இடத்தில், கருஞ்சிவப்புக் கூண்டுகள். வயிற்றைத் தரையில் பதித்து எண்ணினார். முப்பத்தொன்று. எழுந்தபோது சட்டை இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. திரும்பி வந்தால், பையிலிருந்த செய்தித்தாளில் பாதியை ஆடு தின்றிருந்தது.

"பேப்பருக்கு என்னத்த தரச் சொல்றீங்க?" என்றாள் ஆண்டாயி.

"ஒண்ணும் வேணாம். நானும் உன் கெழங்க எடுத்துட்டேன்ல."

மேடம் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டார். மிக மோசமான நிலை என்ற வகையில்தான் செடி வந்தது. "ஆபத்துக்குக் காரணம்னு மேய்ச்சலப் போட்டுரலாமா? எல்லாரும் அதத்தான் போடுறாங்க."

"ஆடு அதத் தொடறதே இல்லீங்க மேடம். என் பேப்பரத்தான் திங்குது." அவர் கொஞ்சம் தயங்கினார். "முதல் கரட்டுல இருந்த ஏழையும் நாந்தான் எடுத்தேன். அத எழுதுங்க."

மேடம் பேனாவை மூடினார். "ஆறு வேணும்னு கேட்டது நாந்தானேண்ணே. எத்தன இருக்குன்னு கேக்காமலே கேட்டேன்."

2006இல் கட்டுரை வெளிவந்தது. செடிக்கு அய்யம்பெருமாள் பெயர்தான். கடைசிப் பத்தியில், ஆய்வுக்காகத் தோண்டி எடுத்ததே ஓர் இடத்தில் இந்தச் செடி அற்றுப்போகக் காரணம் என்று அச்சாகியிருந்தது. எந்த இடம் என்பதை மேடம் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருந்தார். டீக்கடையில் காட்ட அந்த இதழை எடுத்துப்போன அய்யம்பெருமாள், கடைசிப் பத்தி என்ன என்று யாராவது கேட்டுத் தொலைப்பார்களோ என்று அதை வெளியே எடுக்காமலே டீ குடித்துவிட்டு வந்தார்.

அடுத்த வருடம் ஆடி மழைக்குப் பிறகு எண்ணப் போனார். கொத்து எடுத்துப் போகவில்லை. ஆண்டாயி ஆடுகளோடு அங்கேதான் இருந்தாள். ஒரு மணி நேரம் முள்ளுக்கடியில் ஊர்ந்துவிட்டு எழுந்தவரின் முகம் வாடிப்போயிருந்தது.

"இருபத்தெட்டு. மூணு போயிடுச்சு ஆண்டாயி."

"முப்பத்திநாலு."

"நான் ரெண்டு வாட்டி எண்ணினேன்."

"நான் தெனம் பாக்குறேன். அந்தக் காரைச் செடி மறைவுல நாலு, பாறை வெடிப்புல ரெண்டு. போயிப் பாருங்க."

போய்ப் பார்த்தார். நான்கும் இருந்தன, இரண்டும் இருந்தன. நோட்டில் இருபத்தெட்டை அடித்துவிட்டு முப்பத்துநான்கு என்று எழுதினார். எண்ணியவர் என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது என்று அவளிடம் கேட்டார்.

"என் பேரு எதுக்கு? நாளைக்கு எவனாச்சும் அதப் பாத்துட்டு வந்து கெழங்கு எங்கம்பான். உங்க பேரும் வேணாம். தப்பா எண்ணுனவரு பேர எழுதி என்ன ஆவப்போவுது?"

அது நியாயமாகவே பட்டது. பெயரில்லாமலே நோட்டை மூடிக்கொண்டு, நிம்மதியாக ஒரு அடி பின்னால் வைக்கக் காலைத் தூக்கினார்.

"கால அசைக்காம அப்படியே நில்லுங்க" என்றாள் ஆண்டாயி. "உங்க குதிகாலுக்குப் பின்னால ஒண்ணு இருக்கு."

ஒற்றைக்காலில் தள்ளாடியபடியே அவர் மறுபடி நோட்டைத் திறந்து, முப்பத்தைந்து என்று திருத்தினார்.