பசலி முடிந்த குளத்து மீன்

குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது என்றால் தென்காசிக்கே குஷி வந்துவிடும். அந்த வருஷம் எனக்கு மட்டும் அழுகை வந்தது. மே முடிவதற்குள்ளேயே சாரல் பிடித்து, சிற்றாறு பெருகி, நாங்கள் மீன் குத்தகைக்கு எடுத்திருந்த குளம் நிறைந்துவிட்டது.

சவுதியில் வருஷக்கணக்காக வண்டி ஓட்டிவிட்டு, இனி ஊரோடு இருந்துவிடலாம் என்று வந்தவன் நான். மனைவியின் தம்பியும் நானும் சேர்ந்து கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு குளத்தின் மீன்பிடி உரிமையை ஏலத்தில் எடுத்தோம். இது கைகொடுத்தால் மறுபடி விமானம் ஏற வேண்டாம். இல்லாவிட்டால் ஏறித்தான் ஆக வேண்டும். மனைவிக்கும் அது தெரியும். அதனாலேயே குளத்தைப் பற்றி வாய் திறந்து எதுவும் கேட்கமாட்டாள்.

அரசாங்கத்துக்குப் பசலி ஆண்டு என்று ஒரு கணக்கு உண்டு. ஜூன் முப்பதோடு அது முடியும். கூடவே குத்தகையும் முடியும். அதற்குப் பிறகு குளத்தில் கிடக்கிற மீன் அடுத்து ஏலம் எடுப்பவருடையது. மீன்குஞ்சையும் அரசுப் பண்ணையில்தான் வாங்க வேண்டும் என்றார்கள். அங்கே அணைகளுக்குக் கொடுத்தது போக மீதிதான் எங்களைப் போன்றவர்களுக்கு. கார்த்திகையில் விட வேண்டிய குஞ்சு தை மாதம்தான் கைக்கு வந்தது. அதற்குள் நடந்து நடந்து என் செருப்புத் தேய்ந்துவிட்டது.

மே மாதத்தில் கட்லா ஒன்று அரைக் கிலோகூடத் தேறவில்லை.

"இப்ப வலைய எறக்குனா ஒருத்தனும் வாங்க மாட்டான் மச்சான். வைகாசி பாதி போவட்டும். தண்ணியும் வத்திரும், மீனும் தேறிரும்" என்றான் மச்சினன்.

எங்கள் பக்கம் வழக்கமும் அதுதான். வயலுக்குப் பாய்ந்து, குளத்தில் தண்ணீர் முழங்காலளவு ஆன பிறகுதான் வலை இறங்கும். சாரல் பிடிக்க ஆனி ஆகிவிடும் என்று நானும் நம்பிக்கொண்டு இருந்துவிட்டேன்.

நிறைந்த குளத்தில் மீன் வலைக்கு அடியில் போய்விடுகிறது. வலைக்காரர்கள் ஒரு பகல் முழுக்க இழுத்துவிட்டு, அகப்பட்டதைப் பார்த்துக் கூலி கேட்கவே கூச்சப்பட்டார்கள். மடையைத் திறந்துவிடச் சொல்லலாமா? கார் பருவ நெல் நடவுக்குத் தண்ணீர் வந்த சந்தோஷத்தில் இருக்கும் விவசாயிகளிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

ஏலம் விட்ட அலுவலகத்துக்குப் போய்க் குத்தகையை இரண்டு மாதம் நீட்டித்துத் தரச் சொன்னேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார்.

"தண்ணி இல்லாம மீனு செத்துப்போச்சுன்னா எழுதலாம் அண்ணாச்சி. தண்ணி கூடிப்போச்சுன்னு எழுதுனா மேல சிரிப்பாங்க."

"மீனு உயிரோடதான சார் கெடக்கு?"

"அதான அண்ணாச்சி பிரச்சினையே."

சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஜூலையில் குளம் வேறொருவர் கைக்குப் போனது. நான் மறுபடி விசாவுக்கு அலைந்தேன். புரட்டாசியில் தண்ணீர் வற்றியதும் அவர் வலை இறக்கினார் என்று கேள்விப்பட்டேன். பார்க்கப் போகவில்லை.

நான் கிளம்புகிற அன்று காலையில், வழியில் சாப்பிட மனைவி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். துண்டு ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம் இருந்தது.

"எந்தக் கொளத்து மீனு?" என்று கேட்டேன்.

"நம்ம கொளந்தான்" என்றாள், அடுப்பைப் பார்த்தபடியே. "நல்லா வளந்திருக்கு, பாருங்க."

ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டேன். ருசியாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.